இடது பக்கத்துப் பட்டன்

பையை மேல வைக்க வேணாம்ணே, மடியிலயே இருக்கட்டும். உள்ள லேப்டாப் இருக்கு. நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க. இந்த பஸ் உக்கடத்தைத் தாண்டறதுக்குள்ள நமக்கு வயசாயிரும்.

எனக்கு வேலையா? ஒரு இடம்னு கிடையாதுண்ணே. கம்பெனி கம்பெனியா போறது. ஆளுங்க கையால பண்ற வேலையை மெஷின் தானா பண்ற மாதிரி மாத்திக் குடுக்கறோம். பி.எல்.சி.ன்னு ஒரு பெட்டி இருக்கு, டிபன் பாக்ஸ் அளவுதான். மெஷினுக்கு மூளை அதுதான். இது நடந்தா அதைப் பண்ணு, இது நடக்கலைன்னா நில்லு. இதைத்தான் பதினாலு வருஷமா எழுதிட்டிருக்கேன். எங்க வீட்ல கேட்டா கரண்டு வேலை பாக்கறேன்னு சொல்லுவாங்க. அதுவும் சரிதான்னு விட்டுட்டேன்.

அலுத்துப் போச்சுண்ணே. வேலை அலுக்கல. வேலை பிடிக்கும். ஒரு இடத்துக்குப் போனா நம்மளை மனுஷனா மதிச்சு ஒரு டீ குடுக்கணும்ல? மலுமிச்சம்பட்டிகிட்ட ஒரு பம்ப் கம்பெனி. பேர் எதுக்கு. அங்க நான் உள்ள நடந்தா போதும், அந்த வரிசையில வேலை பாக்கற பொம்பளைங்க அத்தனை பேரும் பேச்சை நிறுத்திருவாங்க. டீ வர்ற டிரே என்னைத் தாண்டிப் போகும். எட்டு மாசமா இப்படித்தான். நான் யார் குடியைக் கெடுத்தேன்? நீங்களே கேட்டுட்டு சொல்லுங்க.

பம்புக்கு ஒரு மூடி இருக்குண்ணே, இரும்பு வார்ப்பு. அதுக்கு நடுவுல ஒரு புஷ் இறக்கணும். புஷ்னா மோதிரம் மாதிரி ஒரு பித்தளை வளையம். பிக்சர்னு ஒரு பிடிமானம் இருக்கும், மூடியை அதுல வச்சு, மேல நீளமா ஒரு கைப்பிடி, அதைப் புடிச்சு இழுத்தா வளையம் உள்ள போய் உக்காந்துக்கும். பதினோரு வருஷமா அந்த பிக்சர்ல நின்னது ஒரே ஆளு. துளசிமணின்னு ஒரு அக்கா. நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்பது இருக்கும். நல்ல அக்காதான். நான் குறையே சொல்லல. ஒரு நாளைக்கு நானூறு மூடி போடுவாங்க. கம்பெனிக்குத் தொள்ளாயிரம் வேணும். அதுக்குத்தான் நான்.

முதல்ல ரெண்டு நாள் சும்மா உக்காந்து பாத்தேன். எப்பவும் அப்படித்தான் பண்ணுவேன், ஆளு எப்படி வேலை செய்யறாங்கன்னு பாக்காம ஒரு வரி எழுத மாட்டேன். அந்தக் கைப்பிடியில ஒரு குழாயை மாட்டி இன்னும் நீளமாக்கி வச்சிருந்தாங்க. வெறும் மூடி இருக்கற டப்பா, முடிச்ச மூடி போடற டப்பா, ரெண்டுமே வலது பக்கம். ஒண்ணு மேல ஒண்ணு இடிச்சுக்கிட்டு. இது என்னடா கூத்துன்னு நான்தான் ஒண்ணை எடுத்து இடது பக்கம் வச்சேன். மறுநாள் காலையில போனா மறுபடியும் ரெண்டும் வலது பக்கம். சரி, பழக்கத்தை மாத்த மாட்டாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு நோட்டுல எல்லாத்தையும் எழுதினேன். எத்தனை செகண்டுல எடுக்கறாங்க, எத்தனை செகண்டுல வைக்கறாங்க. என் அளவுக்குப் பாக்கறவன் கிடையாதுண்ணே.

புது மெஷின்ல கைப்பிடி இல்ல. காத்து அழுத்தத்துல மேலேருந்து ஒரு தண்டு இறங்கும். ஒரு டன்னுக்கு மேல அழுத்தும். கை உள்ள இருந்தா அவ்வளவுதான். அதனால ரெண்டு பட்டன், இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. ரெண்டு கையாலயும் ஒரே சமயத்துல அழுத்தினாத்தான் தண்டு இறங்கும். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல அரை செகண்டுக்கு மேல போயிட்டா மெஷின் நின்னுரும். சிவப்பு விளக்கு, ஆரன், சூப்பர்வைசர் சாவி கொண்டு வந்து திறந்து விட்டாத்தான் மறுபடி ஓடும். பட்டனை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி வச்சேன். கீழ வச்சா முட்டியால தட்டுவாங்க, வயித்தால தள்ளுவாங்க. எல்லாம் பாத்தாச்சு.

இதெல்லாம் எதுக்கு இவ்வளவு கறார்னு கேக்கறீங்களா? முன்னாடி வேற ஒரு ஊர்ல நான் வச்ச மெஷின்ல ஒருத்தரு ஒரு பட்டனை டியூப் துண்டால கட்டி வச்சுட்டு இன்னொரு கையால ஓட்டினாரு. வேகமா முடிக்கலாம்னு. ரெண்டு விரல் போச்சு. அந்த சத்தம் இன்னும் எனக்குக் காதுல இருக்குண்ணே. அன்னிக்கு முடிவு பண்ணேன், என் மெஷின்ல அரை செகண்டுன்னா அரை செகண்டுதான், எந்த சாமி வந்து சொன்னாலும் மாத்த மாட்டேன்னு. அதுல நான் பண்ணது தப்புன்னு இன்னிக்கும் சொல்ல மாட்டேன்.

மெஷின் வச்சாச்சு. ரெண்டாவது ஷிப்ட்ல ஒரு ஆள் நிப்பாரு, அவர் கையில தண்ணி மாதிரி ஓடுது. பகல் ஷிப்ட்ல துளசிமணி அக்கா நின்னா நிக்குது. ஒரு தடவையா ரெண்டு தடவையா, ஒரு நாளைக்கு முப்பது, நாப்பது தடவை. ஆரன் அடிச்சு அடிச்சு பக்கத்து லைன்ல இருக்கறவங்க காதுல பஞ்சு வச்சுக்கிட்டாங்க. வரதராசன்னு அங்க மேனேஜர், தங்கமான மனுஷன், ஆனா கையெழுத்து போட மாட்டேங்கறாரு. ஒரு வாரம் நிக்காம ஓடினாத்தான் கையெழுத்துன்னு சொல்லிட்டாரு. எங்க ஓனர் போன்ல கத்தறாரு. அதுக்கு முன்னாடி நான் பண்ண ரெண்டு மெஷின் திரும்பி வந்திருந்துச்சுண்ணே. இதுவும் வந்தா நீயும் அது கூடவே வீட்டுக்குப் போயிருன்னு சொல்லிட்டாரு. மூணு வாரம் நான் சோறு தின்னது எனக்கு ஞாபகமே இல்ல.

அந்த அக்காகிட்ட நேராவே கேட்டேன். "என்னக்கா, ரெண்டையும் சேத்து அழுத்த வேண்டியதுதானே?"ன்னு.

சிரிச்சாங்க. "கை பழகலைங் தம்பி. பழகிப்போடும். நீங்க சாப்பிட்டீங்ளா?"ன்னாங்க.

எப்பப் போனாலும் அந்த சாப்பாட்டு விசாரிப்புதான். மெஷின் நிக்குது, இவங்க என் வயித்தை விசாரிக்கறாங்க. இன்னொண்ணு, அந்த மெஷின்கிட்ட போனாலே தைல வாசனை. பட்டனெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும். வழுக்கித்தான் லேட்டாகுதோன்னு நெனச்சு, கையைத் துடைச்சுட்டு பட்டனை அழுத்தவும்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டினேன். அப்பவும் நிக்குது.

அப்புறம் பேபின்னு பக்கத்து மெஷின்ல ஒரு அம்மா. மத்தியானத்துக்கு மேல பாத்தா அவங்க தன் வேலையை விட்டுட்டு வந்து இவங்க பக்கத்துல நிக்கறாங்க. இவங்க வலது பட்டன், அவங்க இடது பட்டன். ரெண்டு பேரும் கண்ணால பேசிக்கிட்டு டப்பு டப்புன்னு அழுத்தறாங்க. மெஷின் ஜோரா ஓடுது. ஒரு ஆள் அழுத்தும்போது இன்னொரு ஆள் கை உள்ள இருந்தா என்ன ஆகும்? நேரா போய் சூப்பர்வைசர்கிட்ட சொல்லி நிறுத்தினேன். அது நியாயம்தானேண்ணே? இல்லைன்னு யாராவது சொல்ல முடியுமா?

அப்பதான் எனக்கு யோசனை வந்துச்சு. மனுஷங்கதானே பேச மாட்டேங்கறாங்க, மெஷினைப் பேச வச்சா என்ன? ஒவ்வொரு தடவையும் எந்தப் பட்டன் முதல்ல, எந்தப் பட்டன் ரெண்டாவது, நடுவுல எவ்வளவு நேரம், எல்லாத்தையும் குறிச்சு வைக்கற மாதிரி புரோகிராம்ல சேத்தேன். பத்து நாள் ஓட விட்டேன்.

அதைப் படமா போட்டுப் பாத்தேன் பாருங்க, சொக்கிப் போயிட்டேன். எப்பவும் இடது பட்டன்தான் பின்னாடி வருது. ஒரு தடவை கூட வலது பட்டன் லேட் இல்ல. காலையில எட்டு மணிக்கு கால் செகண்டு. பதினோரு மணிக்கு மேல அரை செகண்டைத் தொட ஆரம்பிக்குது. சாப்பிட்டு வந்த உடனே கொஞ்ச நேரம் ஒழுங்கா இருக்கு. மூணு மணிக்கு மேல முக்கால் செகண்டு, ஒரு செகண்டு. திங்கக்கிழமை பரவால்ல, சனிக்கிழமை படுமோசம். கோடு அப்படியே படிக்கட்டு மாதிரி ஏறுதுண்ணே.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன நெனைப்பேன்? காலையில ஒழுங்கா அழுத்தத் தெரிஞ்சவங்களுக்கு சாயங்காலம் அழுத்தத் தெரியாதா? காலையில மேனேஜர் ரவுண்டு வருவாரு, அப்ப ஒழுங்கா இருக்கறது. சாப்பிட்டு வரும்போது சூப்பர்வைசர் அங்கயே நிப்பாரு, அப்பவும் ஒழுங்கு. ஆள் இல்லைன்னா வேலையைக் காட்டறது. மெஷின் வேணாம்னு நெனைக்கறாங்க, அதனால வேணும்னே நிறுத்தறாங்கன்னு எனக்கு நூத்துக்கு நூறு உறுதியாயிருச்சு. கலர்ல பிரிண்ட் எடுத்தேன், என் சொந்தக் காசுல.

மேனேஜர் ரூம்ல அந்தத் தாளை விரிச்சேன். அவர் ரொம்ப நேரம் பாத்தாரு. அந்த அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினாரு. அவங்க வந்து கதவுகிட்டயே நின்னாங்க. முந்தானையால இடது தோளை மூடிக்கிட்டு.

"இங்க பாருங்கம்மா, எப்பவும் இடது கைதான் லேட்டு. கையில ஏதாச்சும் கோளாறா? சொல்லுங்க, நம்ம டாக்டர்கிட்ட அனுப்பிப் பாக்கச் சொல்றேன்"னு கேட்டாரு. நல்லவிதமாத்தான் கேட்டாரு. நான் பக்கத்துல நிக்கறேன்.

அந்த அக்கா அந்தத் தாளைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. "கைக்கு ஒண்ணுமில்லீங் சார். நான் வேணும்னுதான் பண்ணுனேன்"னாங்க.

மேனேஜருக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. "யோசிச்சு சொல்லுங்கம்மா"ன்னாரு.

"யோசிச்சுத்தான் சொல்றனுங். மெசின் வந்தா எங்க வேலை போயிருமோன்னு பண்ணிப்போட்டேன். எழுதிக் குடுக்கோணும்னா குடுக்கறனுங்."

எழுதிக் குடுத்தாங்க. மூணு நாள் சஸ்பென்ஷன். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமாண்ணே? பொய் சொல்லக் கூடாது, சந்தோஷமா இருந்துச்சு. மூணு வாரமா என் தலையில உக்காந்திருந்த கல்லு இறங்கிருச்சு. அன்னிக்குத்தான் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. மூணு நாள் கழிச்சு திரும்ப வந்தாங்கள்ல? மெஷின் நிக்கவே இல்ல. கோடு தரையோட தரையா போகுது. பாருங்க சார், தண்டனை குடுத்ததும் எப்படி சரியாயிருச்சுன்னு நானே வாயைத் திறந்து சொன்னேன். ரெண்டாவது நாளும் ஒழுங்கு. ஒரு வாரம் பாக்கணும்னு சொன்ன மேனேஜர், அதான் அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களேன்னு அன்னிக்கே கையெழுத்துப் போட்டாரு. எங்க ஓனர் முதல் தடவையா என்னைத் தம்பின்னு கூப்பிட்டாரு.

நாலாவது நாள் மறுபடியும் ஆரன். அஞ்சாவது நாள் இருபத்தாறு தடவை. சனிக்கிழமை எண்ணிக்கையே இல்ல. இந்தத் தடவை விசாரணைன்னு ஒண்ணும் வைக்கல. எதுக்கு வைக்கணும்? வேணும்னே மெஷினை நிறுத்தினேன்னு முதல்லயே அவங்க கைப்பட எழுதிக் குடுத்திருக்காங்க. தண்டனைக்கு அப்புறமும் அதையே பண்றாங்க. திங்கக்கிழமை காலையில வேலையை விட்டு எடுத்துட்டாங்க. பதினோரு வருஷம். கேட்ல கார்டை வாங்கிட்டு அனுப்பிட்டாங்க.

நான் எடுக்கச் சொல்லலண்ணே. இதை மட்டும் நல்லா கேட்டுக்கங்க. நான் என் மெஷின் ஒழுங்கா இருக்குன்னுதான் காட்டினேன்.

அன்னிக்கு சாயங்காலம் கேட்டுக்கு வெளிய பேபியம்மா என்னை நிறுத்தினாங்க. கோபப்பட்டு கத்தியிருந்தா கூடப் பரவால்ல. மெதுவா பேசினாங்க.

"அவளுக்கு ரெண்டு வருசமா எடது கை மேல தூக்க வராதுங். தோளு புடிச்சுக்கிச்சு. காலையில தைலம் போட்டு நீவிட்டு வந்தா கொஞ்சம் தூக்குவா, பொழுது ஏற ஏற வராது. அந்தக் கைப்பிடி மெசினுன்னா ஒத்தக் கையில ஓட்டிருவா. குழாயை மாட்டிக் குடுத்தது நாங்கதானுங். ரெண்டு டப்பாவையும் வலது பக்கம் எடுத்து வெக்கறதும் நாங்கதானுங்."

"டாக்டர்கிட்ட அனுப்பறேன்னாரே, அப்ப சொல்லியிருக்கலாமேம்மா"ன்னேன்.

"டாக்டரு கை ஆகாதுன்னு எழுதிட்டா அன்னிக்கே வேலை போயிருமுங். வேலை போனா ஈ.எஸ்.ஐ. போயிரும். அவ ஊட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போச்சுங். வாரத்துக்கு ரெண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்றது அந்தக் கார்டுலதானுங். வேணும்னு பண்ணுனேன்னா மெமோவோட போயிரும்னு கணக்குப் போட்டா. மூணு நாள் இருந்தா கையும் கொஞ்சம் தேறும்னு நெனச்சா."

"என்கிட்டயாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ன்னு கேட்டேன்.

"உங்ககிட்டயா? எண்ணெய்க் கையைத் தொடைன்னு எழுதி ஒட்டுனீங்களே, எதுக்கு எண்ணெய்னு கேட்டீங்ளா?"ன்னு கேட்டுட்டு, போகத் திரும்பினாங்க. அப்புறம் என்ன நெனச்சாங்களோ, நின்னு, "அந்த அரை செகண்டை நீங்க மாத்த வேண்டாமுங். வெரலு போனா யாருக்கும் போகும், தெரியுது. அந்த எடது பக்கத்துப் பட்டனை இடுப்பு ஒசரத்துல வெச்சிருந்தீங்கன்னா அவ கையைத் தூக்காமயே அழுத்தியிருப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

அண்ணே, பதினாலு வருஷம். புரோகிராம்ல ஒவ்வொரு வரியாத் தேடினேன், காத்து அழுத்தம் பாத்தேன், வயரை மாத்தினேன், பட்டனையே ரெண்டு தடவை புதுசு போட்டேன். அதைக் கீழ இறக்கிப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. முட்டியால தட்டுவாங்கன்னா மேல ஒரு தகரத்தை வளைச்சு மூடி போட்டா முடிஞ்சுது. மறுநாள் காலையில போய் நானே இறக்கினேன். நாலு போல்ட்டு, ஒரு தகர மூடி. இருபது நிமிஷம் ஆச்சு.

இறக்கி வச்சுட்டு மேனேஜர்கிட்ட போய் எல்லாத்தையும் சொன்னேன். திரும்பக் கூப்பிடுங்க சார், இப்ப அவங்களால ஓட்ட முடியும்னேன். அவருக்குக் கண்ணெல்லாம் கலங்கிருச்சு. ஆனா என்ன பண்றது? "நம்பறேன் தம்பி. ஆனா அவங்க கைப்பட எழுதின தாள் மேலிடம் வரைக்கும் போயிருச்சு. வேணும்னு பண்ணேன்னு எழுதினவங்களை நான் எப்படித் திரும்ப எடுக்கறது?"ன்னாரு. கூடவே நான் போட்ட படமும் அந்தப் பைல்ல இருக்கு. கலர்ல.

ரெண்டு தடவை மறுபடி போய்க் கேட்டேன். அப்புறம் கேக்கல.

அந்த லைன்ல இருக்கறவங்களுக்கு நான் கேட்டது தெரியாது. பட்டனை இறக்கினது தெரியும், அதுவும் அவங்க போனதுக்கு அப்புறம் இறக்கினான்னுதான் தெரியும். அதான் டீ கிடையாது. என் மேல என்ன தப்புண்ணே? யாரும் சொல்லலைன்னா எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க.

இப்ப தாண்டினோம்ல சுந்தராபுரம், அங்கதான் அவங்க வீடு. ஸ்டாப்புக்குப் பின்னாடி ரெண்டாவது வீதின்னு பேபியம்மா சொன்னாங்க. இந்த வழியா எத்தனையோ தடவை போயிட்டேன், இறங்கினதில்ல. இறங்கிப் போய் என்ன சொல்றது? அந்த வீட்டுக்காரர் எப்படி இருக்காருன்னு பேபியம்மாகிட்டக் கேக்கணும்னு ஒவ்வொரு தடவையும் நெனைக்கறேன். வாய் வரமாட்டேங்குது. பயமா இருக்குண்ணே.

இன்னிக்கு எதுக்குப் போறேன்னா, அந்த மெஷின்ல இப்ப நிக்கறது ஒரு புதுப் பொண்ணு. நல்ல உயரம். இடது பட்டன் ரொம்பக் கீழ இருக்கு, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு வலிக்குதுன்னு நேத்து காலையில சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்கு. மத்தியானமே எனக்குப் போன் பண்ணிட்டாங்க, வந்து பழையபடி மேல ஏத்தி வச்சுட்டுப் போங்கன்னு.

ஸ்டாப் வந்துருச்சு. கொஞ்சம் வழி விடுங்கண்ணே. இருபது நிமிஷ வேலைதான்.